டவுட்டா, சஸ்பெக்டா?

ஆபீஸில் கேஷ் ஐந்நூறு ரூபாய் உதைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெட் கிளார்க்குக்கு ரொம்ப நாளாகவே கேஷியர் மேல் ஒரு கண். மேலிடத்துக்கு இங்கிலீஷில் ஒரு மெமோ தட்டுகிறார்: 'ஐ டவுட் தட் த கேஷியர் டுக் த மணி.'

பாவம் மனுஷன்! போட்டுக்கொடுப்பதாக நினைத்துக்கொண்டு நற்சான்றிதழ் கொடுத்துவிட்டார். 'கேஷியர் எடுத்திருப்பார்னு எனக்குத் தோணலை' என்றுதான் அதற்கு அர்த்தம். அவர் எழுத வேண்டியது, 'ஐ சஸ்பெக்ட்.'

நடந்திருக்கும் என்று பட்டால் சஸ்பெக்ட். நடந்திருக்காது என்று பட்டால் டவுட். நேர் எதிர்!

வாத்தியாரைக் குறை சொல்லாதீர்கள். தமிழில் இரண்டுக்குமே 'சந்தேகம்'தான். பேப்பரைப் பாருங்கள்... 'சந்தேகத்தின் பேரில் வாலிபர் கைது' என்று வரும். நாலு வருஷம் கழித்து அதே வாலிபரை 'சந்தேகத்தின் பலனை அளித்து' கோர்ட் விடுதலை செய்யும். உள்ளே போனது சஸ்பெக்டில், வெளியே வந்தது டவுட்டில்!

டவுட்டின் லத்தீன் மூலம், 'இரண்டு' என்ற சொல்லுக்கு உறவு. இதுவா அதுவா என்று மனசு ரெண்டுபட்டு நிற்பது. சஸ்பெக்டின் மூலத்துக்கோ கீழிருந்து மேலே பார்ப்பது என்று பொருள். புது மாப்பிள்ளையை மாமனார் தலையைக் குனிந்தபடி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நோட்டம் விடுவாரே, அந்தப் பார்வை! (டவுட்டில் இருக்கும் 'பி', லத்தீன் மோகத்தில் பண்டிதர்கள் பிற்பாடு சொருகியது. அதனால்தான் வாயில் வருவதில்லை.)

ஹெட் கிளார்க்குக்கு ஓர் ஆறுதல். ஷேக்ஸ்பியரே ஹாம்லெட் நாடகத்தில் டவுட்டை சஸ்பெக்ட் அர்த்தத்தில் போட்டிருக்கிறார். ஆனால், அது நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷ். மேலிடத்தில் செல்லாது.

இன்னொரு வம்பும் உண்டு. கிளாஸில் 'சார், ஒரு டவுட்' என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நமக்குள் பிரச்னையில்லை. வெளிநாட்டு கிளையண்டிடம் போனில் 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் பில்' என்றால், 'என்னை நம்பலையா?' என்று அவர் முகம் சிவந்துவிடும். விவரம் கேட்கத்தானே போன் போட்டீர்கள்? 'கொஸ்டின்' என்று கேளுங்கள்.

லீவ் லெட்டரோடு மேனேஜர் முன்னால் நிற்கும்போதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'ஐ சஸ்பெக்ட் யூ ஹேவ் ஃபீவர்' என்றால் தைரியமாக வீட்டுக்குக் கிளம்பலாம். 'ஐ டவுட் யூ ஹேவ் ஃபீவர்' என்றால், சத்தம் போடாமல் போய் சீட்டில் உட்காருங்கள்.