மணலில் நிற்கிற ஜாக்கி

வண்டியோடு கம்பெனி கொடுக்கும் ஜாக்கி தார்ச்சாலைக்காகச் செய்தது. புதுச்சேரிப் பக்கம் நல்லவாட்டுக் கடலோர மணலில் வைத்துச் சுற்றினால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். பாகூர் களிமண்ணிலும் இதே கதை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, பின்னாலேயே தென்பெண்ணையும் பெருகியபோது வயலோரப் பாதைகள் என்ன கதிக்கு ஆளாயின என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜிம்னி, கூர்க்கா, மஹிந்திரா தார், பழைய பொலிரோ என எதை வைத்திருந்தாலும், சீட்டுக்கடியில் அடங்குகிற நல்ல ஜாக்கி ஒன்று தனியாக வேண்டும்.

கடைக்காரர் முதலில் கேட்பது, "எத்தனை டன் வேணும்?" அது அவ்வளவு பெரிய கேள்வியே இல்லை. ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. ஜாக்கி தூக்குவது ஒரு மூலையை மட்டும். 2 டன் தாராளம். கனமான வண்டிக்கு 3 டன் போதும். 'பலமா இருக்கட்டும்' என்று 10 டன் பாட்டில் ஜாக்கி வாங்குகிறவர்கள் உண்டு. டன் ஏற ஏற ஜாக்கியின் மூடிய உயரமும் ஏறும். டயர் பஞ்சராகி வண்டி படுத்த பிறகு அது அடியில் நுழையவே நுழையாது.

ஆகவே கடைக்குப் போகும் முன் ஒரு டேப்பை எடுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு டயரின் காற்றை முழுக்க இறக்கி, ஆக்சிலின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். ஜாக்கியின் மூடிய உயரம், கீழே போடும் பலகையையும் சேர்த்து, அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு காற்றை நிரப்பி அதே இடத்தை அளந்து, கூடவே ஐந்தாறு சென்டிமீட்டர் சேருங்கள். ஜாக்கி எட்ட வேண்டிய உயரம் அதுதான். உச்சியில் திருகி நீட்டும் ஸ்குரூ உள்ள பாட்டில் ஜாக்கி இந்த இரண்டு அளவுக்கும் பெரும்பாலும் ஈடு கொடுக்கும்.

ஆக்சிலைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேஸிஸில் வைத்துத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் நீளும். சக்கரம் தரையை விட்டு எழவே நேரம் பிடிக்கும். ஜிம்னிக்கும் கூர்க்காவுக்கும் முன்னும் பின்னும் முழு ஆக்சில் இருப்பதால் வேலை சுலபம். 2020-ல் வந்த தாருக்கு முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே கையேட்டில் குறித்த இடத்தில்தான் வைக்க வேண்டும்.

இனி பலகை. ஜாக்கியை விட இதுதான் முக்கியம் என்பேன். ஜாக்கியின் பாதம் 10 சென்டிமீட்டர் சதுரம், அதன்மேல் 500 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம். ஈர மணல் இதைத் தாங்காது. கீழே 30 சென்டிமீட்டர் சதுரத்தில், நன்றாகத் தடித்த மரைன் பிளைவுட் துண்டைப் போட்டால் அழுத்தம் அரைக் கிலோ சொச்சத்துக்கு இறங்கிவிடும். 30 பி.எஸ்.ஐ. காற்றடித்த டயர்கூட ஏறத்தாழ 2 கிலோ அழுத்துகிறது. தச்சுப் பட்டறையில் வெட்டி மிஞ்சிய துண்டே போதும்.

படங்களில் பார்க்கும் உயரமான ஃபார்ம் ஜாக்கி நம் வண்டிகளுக்குச் சரிப்படாது. அதை மாட்ட இரும்பு பம்பர் வேண்டும், கைப்பிடி நழுவினால் தாடை போய்விடும். சைலன்சர் புகையில் உப்பும் காற்றுப்பை ஜாக்கி மணலுக்கு அருமையானது. ஆனால் நம் ஊரில் சீமைக்கருவேல முள் இல்லாத இடம் எது?

கடல் காற்று இன்னொரு எதிரி. கத்திரி ஜாக்கியின் மரையில் கிரீஸ் தடவாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். பாட்டில் ஜாக்கியைப் படுக்கப் போட்டால் எண்ணெய் கசியலாம். நிமிர்த்திக் கட்டி வையுங்கள்.

தூக்கும் முன் எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், வீல் நட்டைத் தரையிலேயே தளர்த்திவிடுங்கள். தூக்கிய பின் ஸ்டெப்னியை வண்டிக்கடியில் தள்ளி வையுங்கள். ஜாக்கி சரிந்தாலும் வண்டி ஸ்டெப்னி மேல்தான் உட்காரும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையோ தலையோ நுழைக்காதீர்கள். வாங்கிய வாரமே வீட்டு வாசலில் நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கி இறக்கிப் பாருங்கள்; பொருந்தாவிட்டால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ள அப்போதுதான் முடியும்.