வெப்பத்தைக் குறை, வேகத்தைக் கூட்டு

மைசூருக்குக் கிழக்கே, காவிரி அருவியாக விழும் சிவனசமுத்திரத்தில் 1902-இல் ஒரு நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பியில் ஓடிக் கோலார் தங்க வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்த நிலையத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. தக்காணத்தின் பழம்பாறைகள் மேல் ஓடிவரும் காவிரி, இமயத்து ஆறுகள் அளவுக்கு மணலைச் சுமப்பதில்லை. வருகிற வண்டலிலும் பெரும்பங்கு மேலே கிருஷ்ணராஜ சாகர் அணையிலேயே தங்கிவிடுகிறது.

இமாசலப் பிரதேசத்தில், சட்லெஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி நிலையத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1,500 மெகாவாட் திறனுள்ள அந்த நிலையத்தில் தண்ணீர் 428 மீட்டர் இறங்கிவந்து டர்பைனில் மோதுகிறது. மழைக்காலத்தில் அதோடு குவார்ட்ஸ் மணலும் வருகிறது. தண்ணீரைச் சுழற்சியாக மாற்றும் ரன்னர் என்ற சக்கரம் குரோமியம், நிக்கல் கலந்த உறுதியான எஃகால் ஆனதுதான். ஆனாலும் குவார்ட்ஸ் அதைவிடக் கடினம். பிளேடுகளின் முகம் அலை அலையாகக் குழிகிறது, விளிம்பு மெலிகிறது. எஃகை மாற்றிப் பயனில்லை, மேலே ஒரு கவசம் போட்டாக வேண்டும். அங்கே போட்ட கவசத்தின் பெயர் எச்.வி.ஓ.எஃப். கோட்டிங். அதிவேகச் சுடர்த்தெளிப்பு என்று சொல்லலாம்.

இதற்கான துப்பாக்கிக்குள் மண்ணெண்ணெயும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் எரிகின்றன. குறுகிய கழுத்து வழியே வெளியேறும் வாயு, ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் அந்தச் சுடருக்குள் பளிச்சென்ற வைர வடிவங்கள் வரிசையாக நிற்பது தெரியும். அவை அதிர்வலைகள். காதைப் பிளக்கும் சத்தம் என்பதால் அடைத்த அறைக்குள் ரோபோதான் துப்பாக்கியைப் பிடிக்கிறது. சுடருக்குள் ஊட்டப்படும் பவுடரில் 86 பங்கு டங்ஸ்டன் கார்பைடு, 10 பங்கு கோபால்ட், 4 பங்கு குரோமியம். ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். நொடிக்கு 600, 700 மீட்டர் வேகத்தில் போய் மோதும்போது, சுவரில் அறைந்த வறட்டி போலத் தட்டையாகி ஒட்டிக்கொள்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கால் மில்லிமீட்டர் கனம் வந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தொழிலின் வளர்ச்சி முழுவதும் வெப்பத்தோடு நடந்த பேரம் என்றே எனக்குப் படுகிறது. கோபால்ட் 1,495 டிகிரி செல்சியஸில் உருகும். அது இளகிப் பசையாக வேண்டும். கார்பைடோ உருகவே கூடாது. சூடு மிஞ்சினால் அதிலுள்ள கார்பன் ஆக்சிஜனோடு போய்விடும். எஞ்சுவது எளிதில் நொறுங்கும் பொருள். 10,000 டிகிரியைத் தாண்டும் பிளாஸ்மா சுடரில் கார்பைடு கெட்டுப்போவதற்கு இதுதான் காரணம். 1950-களில் அமெரிக்காவின் யூனியன் கார்பைடு நிறுவனம் வேறு வழி கண்டது. குழாய்க்குள் நொடிக்குச் சில முறை வாயுவை வெடிக்கவைத்துப் பவுடரை எறிவது அந்த முறை. ஹைதராபாத்தின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம் அதே வகை வெடிப்புத் தெளிப்பை இந்தியத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுவந்தது. 1980-களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் பிரௌனிங் என்ற பொறியாளர், வெடிப்புக்குப் பதில் இடைவிடாத சுடரையே அதிவேகமாக்கினார். அதுதான் எச்.வி.ஓ.எஃப். இப்போது ஆக்சிஜனுக்குப் பதில் வெறும் காற்றை ஊட்டும் துப்பாக்கிகளும் வந்துவிட்டன. காற்றிலுள்ள நைட்ரஜன் சூட்டை இறக்கிவிடுகிறது, துகளின் வேகமோ இன்னும் கூடுகிறது.

அப்படியானால் சூடே இல்லாமல் எறியலாமே? ரஷ்யாவின் நோவோசிபிர்ஸ்க் நகர விஞ்ஞானிகள் 1980-களில் அதையும் செய்தார்கள். செம்பு, அலுமினியம் போன்ற இளகிய உலோகங்கள் அந்தக் குளிர் தெளிப்பில் அருமையாக ஒட்டுகின்றன. கார்பைடு நசுங்கிக் கொடுக்காதே! அதன் பெரும்பகுதி தெறித்து ஓடிவிடும். கோபால்ட் இளகும் அளவுக்காவது சூடு தேவைப்படுகிறது.

பூச்சு நிற்பதும் நிற்காததும் துப்பாக்கியை எடுப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அலுமினா குருணையை வீசி எஃகின் முகத்தைச் சொரசொரப்பாக்க வேண்டும். எண்ணெய்ப்பசையோ துருவோ ஏறுமுன் தெளித்துவிட வேண்டும். சரியாகப் போட்ட பூச்சைச் சோதிக்கும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பூசிய உருளையை இன்னோர் உருளையோடு எபாக்சி பசையால் ஒட்டி, இரண்டையும் எதிரெதிரே இழுப்பார்கள். பெரும்பாலும் பசைதான் முதலில் அறும், பூச்சு அசையாது. அதனால் பூச்சின் உண்மையான பிடிப்பு எவ்வளவு என்பது அந்தச் சோதனையில் தெரிவதேயில்லை. பசையைவிட அதிகம் என்பது மட்டும் தெரிகிறது.

ரன்னரில் இன்னமும் தீராத சிக்கல் பிளேடுகளுக்கு இடையேயான சந்து. தெளிப்பு நேர்கோட்டில்தான் போகும். துகள் வேகமெடுக்க ஏறத்தாழ ஓர் அடி தூரம் வேண்டும், மோதும் கோணமும் செங்குத்தை ஒட்டி இருக்க வேண்டும். வளைந்த சந்துக்குள் இரண்டும் கிடைப்பதில்லை. துப்பாக்கியின் தலையைச் சிறிதாக்கி, குறைந்த தூரத்திலேயே வேகமெடுக்கும்படி பவுடரையும் இன்னும் நுண்ணிதாக்கிப் பார்க்கிறார்கள். ஆனால் நுண்மணி வேகத்தைப் போலவே சூட்டையும் சட்டென்று வாங்கிக்கொள்ளும். கார்பைடு கெடாமல் காக்க, சுடரை இன்னும் தணிக்க வேண்டியிருக்கிறது.