இரண்டு திர்ஹமும் ஒரு கோடரியும்

"எப்போது பயணம்?"

அரபு நாட்டிலிருந்து ஊர் வந்தவரைப் பள்ளிவாசல் முற்றத்தில் காண்போர் முதலில் கேட்பது இதுவே. விடுமுறையில் வந்தவருக்கு அது நலம் விசாரிப்பு. ஆட்குறைப்பில் வேலை இழந்து வந்தவருக்கோ நெஞ்சில் தைக்கும் முள். 2011-இல் சவூதி அரேபியாவில் நிதாகத் முறை வந்த பின்னரும், 2020-இல் கொரோனா பரவிய காலத்திலும் அவ்வாறு திரும்பியோர் பலர். அந்தக் கேள்விக்கு அஞ்சி, ஜும்ஆவுக்குக் கடைசியில் வந்து முதலில் வெளியேறுவோரும் அவர்களுள் உண்டு.

வேலை போனால் வருமானம் நிற்கும், உண்மைதான். அத்துடன் மானமும் போய்விட்டதாக எண்ணுவதுதான் பிழை.

அன்சாரிகளுள் ஒருவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் யாசித்து வந்த நிகழ்ச்சி அபூதாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. வீட்டில் ஏதும் இல்லையா என்று பெருமானார் வினவினார்கள். ஒரு முரட்டுத் துணியும், நீர் அருந்தும் கிண்ணமும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டுவரச் செய்து, தாமே ஏலம் கூறி, இரண்டு திர்ஹத்திற்கு விற்றார்கள். ஒரு திர்ஹத்திற்கு வீட்டாருக்கு உணவும், மற்றொன்றிற்குக் கோடரியும் வாங்கப் பணித்தார்கள். வாங்கி வந்த கோடரிக்குத் தம் திருக்கரத்தாலேயே காம்பு பூட்டி, விறகு வெட்டி விற்குமாறும், 15 நாள்கள் தம் கண்ணில் படலாகாது என்றும் கூறி அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் 10 திர்ஹம் இருந்தது.

இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆறுதல் மொழியோடு அவர் அனுப்பப்படவில்லை. இல்லாததை எண்ணி ஏங்காமல், இருப்பதிலிருந்து தொடங்கச் செய்தார்கள். முதலில் வீட்டாரின் பசி, அடுத்துத் தொழிற்கருவி. இழந்த நம்பிக்கையை அவருக்கு மீட்டுத் தந்தது உழைத்து ஈட்டிய முதல் காசு அன்றோ!

இன்றைய சவூதித் தொழிலாளர் சட்டம், வேலை நீக்கப்பட்டவருக்கு முதல் 5 ஆண்டுப் பணிக்கு ஆண்டுக்கு அரை மாத ஊதியமும், அதற்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு ஒரு மாத ஊதியமும் பணிக்கொடையாக வழங்கச் சொல்கிறது. அதுவே நம் கைக்கு வந்த இரண்டு திர்ஹம். அதனை மாடி எழுப்பவும், விருந்து வைக்கவும் செலவிட்டுவிட்டால் கோடரிக்கு என்ன மிஞ்சும்?

கருவி வாங்க இயலாதவரிடமும் ஒரு முதல் உண்டு. 622-இல் மக்காவைத் துறந்து வெறுங்கையராய் மதீனா வந்தார் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி). தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார் ஸஅத் பின் ரபீஉ (ரலி). நன்றியுடன் வாழ்த்திவிட்டு, கடைத்தெருவுக்கு வழி மட்டும் கேட்டார் அப்துர் ரஹ்மான். பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கிய அவர், பின்னாளில் பெருஞ்செல்வரானார். பொருள் மக்காவில் தங்கிவிட்டது. வணிக அறிவு உடன் வந்தது. கிடங்கில் கணக்கு எழுதியவரும், உணவகத்தில் சமைத்தவரும், வண்டி பழுது பார்த்தவரும் வேலையைத்தான் விட்டு வந்தனர், கைத்திறனை அல்ல.

இல்லத்தாருக்கும் இதில் பெரும்பங்கு உண்டு. ஹிராக் குகையிலிருந்து நடுக்கத்துடன் திரும்பிய நாயகத்திடம், அவர்கள் உறவினரைப் பேணியதையும், எளியோரின் சுமையைத் தாங்கியதையும், விருந்தினரை உபசரித்ததையும் எடுத்துரைத்துத் தேற்றினார்கள் அன்னை கதீஜா (ரலி). சோர்ந்து வந்தவரிடம் பக்கத்து வீட்டுக்காரரின் வருமானத்தைப் பேசாமல், அவர் இதுவரை சுமந்த சுமைகளை நினைவூட்டுதலே நல்லறம்.

ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று இறையருளைத் தேடுமாறு திருமறை பணிக்கிறது. ஆகவே, இன்று பள்ளிவாசல் முற்றத்தில் அவரைக் கண்டால், "எப்போது பயணம்?" என்று கேளாதீர்கள். "என்ன தொழில் தொடங்கலாம்? நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேளுங்கள். கோடரிக்குக் காம்பு பூட்டும் பேறு உங்களுக்கும் கிட்டட்டும்!