எரிகிற கொள்ளியில் எது நல்ல கொள்ளி?

தேர்தல் நெருங்கும்போதெல்லாம், 'எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி' என்கிற பழமொழி தேநீர்க் கடை முதல் பல்கலைக்கழக வளாகம் வரை ஒலிக்கத் தொடங்கிவிடுகிறது. இரண்டுமே சுடும் என்பதில் ஐயமில்லை. ஆனால், இரண்டும் ஒரே அளவில் சுடுமா, சுட்ட புண் ஆறுமா என்கிற கேள்விகளுக்குள் அந்தப் பழமொழி செல்வதில்லை.

அமெரிக்காவின் லூசியானா மாகாணத்தில் 1991-இல் நடைபெற்ற ஆளுநர் தேர்தலை இங்கே நினைவுகூரலாம். அங்கே ஆளுநர் என்பவர் நமது முதலமைச்சரைப் போல மக்களால் அமர்த்தப்படும் ஆட்சித் தலைவர். பதவியில் இருந்த ஆளுநர் பட்டி ரோமர் முதல் சுற்றிலேயே மூன்றாம் இடத்துக்குத் தள்ளப்பட்டார். எஞ்சிய இருவரில் ஒருவர் எட்வின் எட்வர்ட்ஸ். மூன்று முறை ஆளுநராக இருந்தவர். ஊழல் வழக்கில் விசாரிக்கப்பட்டு 1986-இல் விடுவிக்கப்பட்டவர். அவரது கை சுத்தமானது என்று நம்பியவர்கள் குறைவு. மற்றவர் டேவிட் டியூக், 'கூ க்ளக்ஸ் கிளான்' என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கியவர்.

மோசடிக்காரருக்கே வாக்களியுங்கள், இது முக்கியம் என்னும் பொருள்படும் வாசகம் அப்போது கார்களின் பின்புறத்தில் ஒட்டப்பட்டது. தோற்றுப்போன ரோமரும் எட்வர்ட்ஸையே ஆதரித்தார். சுமார் 61 சதவீத வாக்குகளுடன் எட்வர்ட்ஸ் வென்றார். பிற்காலத்தில், சூதாட்டக் கப்பல்களுக்கான உரிமம் தொடர்பாகப் பணம் பறித்த வழக்கில் 2000-இல் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டு, 10 ஆண்டு சிறைத் தண்டனையும் பெற்றார்.

அப்படியானால் லூசியானா மக்கள் ஏமாந்தார்களா? இல்லை. தெரிந்தேதான் வாக்களித்தார்கள். பொருளியலில் மீட்கக்கூடிய இழப்பு, மீட்க இயலாத இழப்பு என்று பிரித்துப் பார்ப்பதுண்டு. கருவூலத்தில் கைவைத்தவரை நீதிமன்றம் ஒருநாள் தண்டிக்க முடியும், தண்டித்தது. குடிமக்களைப் பிறப்பால் தரம் பிரிக்கும் ஆட்சி, அந்த நீதிமன்றத்தின் மீதும் வாக்குச்சீட்டின் மீதுமே கைவைக்கும். அடுத்த தேர்தலில் யாரை எளிதாக இறக்க முடியுமோ அவரே சிறிய தீமை என்பது என் கணிப்பு.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. இரண்டே கடைகள் உள்ள ஊரில், எதிர்க்கடை அரிசியில் கல் அதிகம் என்று சொல்லியே ஒருவர் விற்றுவிட முடியுமானால், தன் அரிசியைப் புடைக்க அவருக்கு என்ன அவசியம்? பிரான்ஸில் அதுதான் நிகழ்ந்தது. 2002 அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் 16 பேர் போட்டியிட்டதால் இடதுசாரி வாக்குகள் சிதறின. 16.86 சதவீதம் பெற்ற தீவிர வலதுசாரி லெ பென்னிடம், 16.18 சதவீதம் பெற்ற பிரதமர் ஜோஸ்பின் இரண்டாம் இடத்தை இழந்தார். முதல் சுற்றில் 20 சதவீதத்தைக்கூட எட்டாத ஜாக் சிராக், இரண்டாம் சுற்றில் இடதுசாரிகளின் வாக்குகளையும் பெற்று 82 சதவீதத்துடன் வென்றார். ஆனால், அமைந்தது வலதுசாரி அரசே. அச்சத்தால் விழுந்த வாக்குகளுக்கு விலை ஏதும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் இரண்டாம் சுற்று என்பதே கிடையாது. 2013-இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் 'நோட்டா' வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதைத் தேர்ந்தெடுத்தனர். மக்களவை, சட்டப்பேரவைத் தேர்தல்களில் நோட்டா முதலிடமே பெற்றாலும், அதற்கு அடுத்த வேட்பாளர் வென்றவராகிவிடுவார். கோபத்தைப் பதிவு செய்ய அது போதும். எவரையும் தடுக்கப் போதாது.

ஆகவே, பேரம் பேச வேண்டிய இடம் வாக்குச்சாவடி அன்று. வேட்பாளர் தேர்வு நடக்கும் கட்சி அலுவலகம். குற்ற வழக்கு உள்ளவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதைக் கட்சிகள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும், வெற்றி வாய்ப்பை மட்டுமே காரணமாகக் காட்டக் கூடாது என்றும் உச்சநீதிமன்றம் 2020 பிப்ரவரியில் உத்தரவிட்டது. அந்தக் காரணங்களை வாக்குப்பதிவுக்கு முன்பே படித்துவிட்டு, வாக்கு கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவரிடம் அதைப் பற்றிக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.