சாண்ட்ரா சிஸ்னெரோஸ் புனைகதைகளில் இருமொழியம்

இருமொழியாளர் ஒரு மொழியில் எழுதும்போது மற்ற மொழி மறைந்துவிடுவதில்லை. சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ஆங்கிலப் புனைகதைகள் இதற்குத் தக்க சான்றாகும்.

இவர் 1954இல் சிகாகோவில் மெக்சிக வழிக் குடும்பத்தில் பிறந்தார்; உடன்பிறந்தோர் அறுவரும் ஆண்கள். 1978இல் அயோவா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தில் பட்டம் பெற்றார். அங்கு வீடு பற்றிய நினைவுகள் விவாதிக்கப்பட்டபோது, தாம் வாழ்ந்த எளிய குடியிருப்பு உடன் பயின்றோர் அறியாதது என உணர்ந்தார். அவ்வுணர்வே 44 சிறு சித்திரங்களாலான 'மாங்கோ தெரு வீடு' (1984) என்னும் நூலுக்கு வித்தாயிற்று. அதில் ஸ்பானியச் சொற்கள் சிலவே. எனினும் தொடரமைப்பில் ஸ்பானியச் சாயல் உண்டென அவரே பின்னர்க் குறித்துள்ளார். 'காரமெலோ' (2002) நாவலில் ஸ்பானிய மரபுத்தொடர்கள் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாகின்றன. மொழியியலார் இதனைக் கடன்மொழிபெயர்ப்பு என்பர்.

'கத்தும் பெண் ஓடை' (1991) தொகுப்பின் தலைப்புக் கதை ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. மணமாகி மெக்சிகோவிலிருந்து டெக்சாஸுக்கு வரும் கிளியோஃபிலாஸ் ஆங்கிலம் அறியாள். அவ்வூர் ஓடையின் ஸ்பானியப் பெயர் 'லா கிரித்தோனா'. 'கத்துபவள்' என்பது பொருள். கத்தியது வலியாலா, சினத்தாலா என்னும் அவள் வினாவுக்கு எவரிடமும் விடையில்லை. கணவனின் அடிக்குத் தப்பி அவள் தாயகம் திரும்பும் நாளில், வண்டியோட்டிச் செல்லும் பெண் அவ்வோடையைக் கடக்கையில் உற்சாகமாய்க் கத்துகிறாள். பெயர் அதுவே, பொருள் மாறிவிடுகிறது. ஒரு பெயரின் பொருள் அதனைக் கேட்போரின் வாழ்நிலையையும் சார்ந்தது என்பது இதனாற் பெறப்படும்.