உரோமையில் ஒரு பகற்பொழுது

மத்தியதரைக் கடலைச் சுற்றி வரும் உல்லாசக் கப்பல்களின் பயண அட்டவணையில் "உரோமை" என்னும் பெயரைக் கண்டு உள்ளம் மகிழாத கத்தோலிக்கர் இரார். வெளிநாடுகளில் பணிபுரியும் பிள்ளைகள் தம் வயது முதிர்ந்த பெற்றோரை இத்தகைய பயணங்களுக்கு அழைத்துச் செல்வதை இன்று நம் பங்குகளிலும் காண்கிறோம். ஏழு நாள் பயணத்தில் எத்தனையோ துறைமுகங்கள் வந்து போகலாம். ஆனால் இராயப்பரின் கல்லறையருகே முழந்தாளிட வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் எண்ணியிருந்த ஒரு தாய்க்கு, அந்த ஒரு நாளுக்காகவே மற்ற ஆறு நாள்களும். அந்த நாளை எவ்வாறு வீணாக்காமல் காப்பது என்பதே நாம் இங்கு எண்ணிப் பார்க்க விரும்புவது.

முதலில் ஓர் உண்மையை அறிந்துகொள்ள வேண்டும். கப்பல் உரோமைக்குச் செல்வதில்லை. உரோமைக்கு வடமேற்கே 70 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சிவித்தாவெக்கியா என்னும் துறைமுகத்தில்தான் அது நங்கூரம் பாய்ச்சுகிறது. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசன் திராயன் அமைத்த துறைமுகம் அது. காலை 7 மணிக்குக் கரை சேர்ந்து மாலை 7 மணிக்குப் புறப்படும் கப்பல் நமக்குப் பன்னிரண்டு மணி நேரம் தருவதுபோல் தோன்றும். ஆனால் கப்பலை விட்டு இறங்க ஒரு மணி. துறைமுகப் பேருந்தேறி, வாயிலைக் கடந்து, இரயில் நிலையம் சேர ஏறத்தாழ ஒரு மணி. இரயிலில் ஒரு மணி. திரும்பி வரவும் அவ்வாறே. கப்பல் புறப்படுவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாகவே பயணிகள் அனைவரும் ஏறிவிட வேண்டும் என்பது விதி. ஆக, உரோமை மண்ணில் நாம் நிற்கப் போவது ஐந்தாறு மணி நேரமே. இந்தக் கணக்கை முந்தின இரவே குடும்பத்தார் அனைவரும் கூடியிருந்து போட்டுவிடுதல் நலம்.

கப்பல் யாருக்காகவும் காத்திராது. கப்பல் நிறுவனமே ஏற்பாடு செய்யும் சுற்றுலாப் பேருந்தில் சென்றவர்களுக்காக மட்டும் அது காத்திருக்கும். தாமாகச் சென்று தாமதித்தவர், தம் செலவிலேயே அடுத்த துறைமுகத்திற்கு வழி தேடிக்கொள்ள வேண்டும். நடக்க இயலாத முதியோர் உடனிருந்தாலும், அன்று இத்தாலியில் இரயில் வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டிருந்தாலும், பணத்தைப் பாராது கப்பலின் பேருந்தையே கொள்ளுமாறு கூறுவோம். மற்றவர்களுக்கு இரயிலே போதும். கட்டணமும் மிகக் குறைவு.

உரோமைக்குச் செல்லும் உள்ளூர் இரயில்கள் வழியில் சான் பியெத்ரோ, திராஸ்தேவரே, ஒஸ்தியென்சே ஆகிய நிலையங்களில் நின்று, இறுதியில் தெர்மினி என்னும் பெரிய நிலையத்தை அடைகின்றன. விரைவு இரயில்களிற் பல சான் பியெத்ரோவில் நிற்பதில்லை. ஆகையால் உள்ளூர் இரயிலுக்கே சீட்டுக் கேட்க வேண்டும். காகிதச் சீட்டாயின், ஏறுமுன் நிலையத்திலுள்ள சிறு இயந்திரத்தில் முத்திரை பதித்துக்கொள்வது கட்டாயம், இல்லையேல் அபராதம்.

சான் பியெத்ரோ என்றால் இராயப்பர் என்றே பொருள். அந்நிலையத்திலிருந்து பேராலயம் கால் மணி நடைதான். எனவே ஏறத்தாழ எல்லாரும் அங்கே இறங்கி முதலில் பேராலயத்திற்கு விரைகின்றனர். நாம் கூறும் யோசனை இதற்கு மாறானது. தொலைவிலுள்ளதை முதலிலும், நிலையத்திற்கு அருகிலுள்ளதைக் கடைசியிலும் காண்க. உரோமையின் சிறிய ஆலயங்களிற் பல நண்பகலில் மூடப்பட்டு, மாலை நான்கு மணி அளவிற்கே மீண்டும் திறக்கப்படுகின்றன. இராயப்பர் பேராலயமோ நண்பகலில் மூடப்படுவதில்லை. காலைப்பொழுதைப் பேராலய வரிசையில் கழித்துவிட்டுப் பின்னர் ஊருக்குள் சென்றால், மூடிய கதவுகளையே காண நேரும். திரும்பும் இரயிலை எண்ணிப் பதைக்கும் பிற்பகலிலும், நிலையத்தருகே இருப்பவருக்கே மன அமைதி உண்டு.

ஆகவே, காலையில் சான் பியெத்ரோவைத் தாண்டி அடுத்து வரும் திராஸ்தேவரே நிலையத்தில் இறங்குக. அங்கிருந்து 8 எண் டிராம் வண்டி வெனேசியா சதுக்கம் வரை செல்கிறது. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் இயேசு சபையாரின் தாய் ஆலயமாகிய ஜேசு ஆலயம் இருக்கிறது. 1584-இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஆலயம். விதானத்தில் பாச்சிச்சா என்னும் ஓவியர் தீட்டிய இயேசு திருநாமத்தின் மகிமையை அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகாதிருக்க, கீழே சாய்வாகக் கண்ணாடியே வைத்திருக்கின்றனர்! இடப்புறச் சிறகில் புனித இஞ்ஞாசியாரின் கல்லறைப் பீடம் பொன்னும் நீலக்கல்லுமாக ஒளிர்கிறது. பயணிகளின் கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

நம் மக்கள் நாட வேண்டியது வலப்புறச் சிறகை. அங்குள்ள பீடத்தில் புனித சவேரியாரின் வலக்கரம் வைக்கப்பட்டுள்ளது. 1552-இல் சீனக் கரையருகே சான்சியன் தீவில் உயிர்நீத்த அவருடைய உடல் கோவாவில் இருப்பதை நாம் அறிவோம். இயேசு சபைத் தலைவரின் கட்டளைப்படி 1614-இல் அவ்வுடலினின்று முன்கை பிரிக்கப்பட்டு உரோமைக்குக் கொண்டுவரப்பட்டது. முத்துக்குளித்துறையில் திருமுழுக்குக் கொடுத்துக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோனதாகச் சவேரியாரே தம் கடிதத்தில் எழுதியுள்ளார். மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் நம் முன்னோர் தலைமீது தண்ணீர் வார்த்த கரம் அது! கோடானுகோடிப் பேர் காணும் உரோமையில், நம்மைத் தொட்ட ஒன்றை நாம் காணாமல் திரும்பலாமோ? அங்கே அரை மணி நேரம் அமர்ந்திருங்கள். புகைப்படத்திற்கு ஒரு நிமிடம் போதும்.

ஜேசு ஆலயத்திலிருந்து இராயப்பர் சதுக்கம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். வழியெல்லாம் காட்சியாதலின் நடப்பதே சிறப்பு. முதலில் பாந்தியோன். புறமதத்தினரின் கோவிலாக இருந்த அது, 609-ஆம் ஆண்டு தேவமாதாவுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணிக்கப்பட்ட ஆலயமாயிற்று. 43 மீட்டர் அகலமுள்ள குவிமாடத்தின் உச்சியில் வானம் நோக்கித் திறந்த வட்டத்தின் வழியே வெயிலும் மழையும் உள்ளே இறங்குகின்றன. சுற்றுலாப் பயணிகளிடம் 2023 முதல் நுழைவுக் கட்டணம் பெறப்படுகிறது; வரிசை நீண்டிருந்தால் வெளியிலிருந்தே பார்த்து நகர்வதில் குற்றமில்லை. வழியிலுள்ள தெருக் குழாய்களில் ஓயாது பாயும் நீர் குடிக்கத் தகுந்தது. ஒரு காலிப் புட்டி கையிலிருந்தால் தண்ணீருக்குக் காசு வேண்டாம். நவோனா சதுக்கத்தில் அமர்ந்து உண்ணும் ஆசையை அடக்கிப் பின்தெருவில் ரொட்டி வாங்கிக்கொள்வது பைக்கும் நேரத்திற்கும் நல்லது. பின்னர் பெர்னினி வகுத்த வானதூதர் சிலைகள் இருமருங்கும் நிற்கும் பாலத்தால் தீபர் ஆற்றைக் கடந்தால், எதிரே பேராலயத்தின் குவிமாடம்.

நடக்க இயலாதோர்க்கு 64 எண் பேருந்து உண்டு. அது சான் பியெத்ரோ நிலையம் வரையே செல்கிறது. பிக்பாக்கெட்காரர்களுக்குப் பேர்போன வண்டியாதலால் கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்க.

சதுக்கத்தில் நின்று 284 தூண்களையும் 140 புனிதர் சுரூபங்களையும் நோக்குகையில், 2022 மே 15 அன்று நம் தேவசகாயம் பிள்ளை புனிதராக அறிவிக்கப்பட்டது இங்கேதான் என்பது நம்மவர்க்குத் தானே நினைவில் எழும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தோளும் முழங்காலும் மறைய உடுத்தியிராதோரை வாயிலில் நிறுத்திவிடுவர். சேலையும் வேட்டியும் உடுத்துவோர்க்கு அக்கவலை இல்லை. பேராலயத்திற்குள் செல்லக் கட்டணம் கிடையாது. வலப்புறம் முதலில் மிக்கேலாஞ்சலோவின் வியாகுல அன்னை. 1972-இல் ஒருவன் சுத்தியலால் தாக்கிச் சிதைத்தபின் செப்பனிடப்பட்டு, இன்று கண்ணாடிக்குப் பின்னே மகனை மடியிலேந்தி அமர்ந்திருக்கிறாள். அடுத்த சிற்றாலயத்தில், 1986 பிப்ரவரியில் சென்னைக்கு எழுந்தருளிய இரண்டாம் அருள் சின்னப்பரின் கல்லறை. அவரைக் கண்ணால் கண்ட பெற்றோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்களை அங்கிருந்து அவசரப்படுத்தாதீர்கள். நடுவே, யாத்திரிகர் கைபட்டுத் தேய்ந்த பாதத்துடன் இராயப்பரின் வெண்கலச் சுரூபம். அதற்கப்பால், அவர் கல்லறை மீதெழுந்த பெரிய பீடம்.

குவிமாடத்தின் உச்சிக்கு 551 படிகள். மின்தூக்கியில் சென்றாலும் 320 படிகள் ஏறியாக வேண்டும். வத்திக்கான் அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் மூன்று மணி நேரத்திற்குக் குறையாமல் விழுங்கிவிடும். இவ்விரண்டையும் இந்நாளில் விட்டுவிடுவதே எம் துணிபு. சிஸ்டைனைக் காணாது போனோமே என்று அண்டை வீட்டார் அங்கலாய்ப்பர், அங்கலாய்க்கட்டும்.

கிழமையும் பார்க்க வேண்டும். புதன்கிழமை காலையில் திருத்தந்தையின் பொதுச் சந்திப்பு சதுக்கத்தில் நடைபெற்றால், அது முடியும் வரை பேராலயத்திற்குள் செல்ல இயலாது. நாம் கூறிய வழியில் பிற்பகலில் வருவோர்க்கு இதனால் இடையூறில்லை. ஞாயிறாயின் வழியில் எங்கும் நிற்காது நண்பகல் 12 மணிக்குள் சதுக்கத்தை அடைந்துவிடுக. திருத்தந்தை உரோமையில் இருந்தால், மாடிச் சாளரத்தில் தோன்றி மூவேளைச் செபம் சொல்லி ஆசீர் வழங்குவார்.

பிற்பகல் மூன்றரை மணிக்குப் பேராலயத்தை விட்டு வெளியேறுபவர் நான்கு மணி அளவில் சான் பியெத்ரோவில் இரயிலேறி, ஐந்து மணியளவில் சிவித்தாவெக்கியா சேர்வார். அந்த இரயில் தவறினாலும் அடுத்ததைப் பிடிக்க நேரமிருக்கும். கடைசியாக வரும் இரயிலை நம்பித் திட்டமிடுவோர் தம் தாயின் கண்ணீரோடு விளையாடுகின்றனர் என்றே சொல்வோம். கைக்கடிகாரத்தைக் கப்பலின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வதும் அவசியம். சில பயணங்களில் கப்பலின் நேரமும் கரையின் நேரமும் வேறுபடுவதுண்டு.

விசாவைப் பற்றியும் ஒரு சொல். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளோர்க்குச் செங்கன் விசா வேண்டும். கப்பல் இடையில் துருக்கி போன்ற நாட்டைத் தொட்டு மீண்டும் இத்தாலிக்கு வருமாயின், ஒருமுறை மட்டும் நுழைய அனுமதிக்கும் விசா பயன்படாது. பலமுறை நுழையும் விசாவாகவே பெற வேண்டும். பயணச்சீட்டு வாங்கும்போதே இதைக் கேட்டறியாதவர், உரோமையைக் கப்பலின் மேல்தளத்திலிருந்து திசை காட்டிக் கும்பிட வேண்டியதுதான்.

கப்பலில் நமக்கு உணவு பரிமாறுவோரும் அறை பெருக்குவோரும் உரோமையைக் காண்பது அரிது. பணிகளுக்கிடையே கிடைக்கும் இரண்டு மூன்று மணி நேரத்தில் துறைமுகத்தருகே இறங்கி வீட்டாரோடு பேசிவிட்டுத் திரும்புகின்றனர். அவர்களுள் நம் நாட்டவரும் பலர். 1920-இல் கிளாஸ்கோ நகரில் தோன்றிய கடல் திருத்தூதுப் பணி இவர்களுக்காகவே. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு இவர்களுக்காகச் செபிக்கும் நாள். உரோமையில் வாங்கும் செபமாலைகளோடு ஒன்றைக் கூடுதலாக வாங்கி வந்து, அறைப் பணியாளரிடம் அவர் விரும்பினால் கொடுத்துப் பாருங்கள்.

உரோமை வரை செல்ல உடல் இடங்கொடாத முதியோர் கப்பலிலேயே முடங்கிக் கிடக்க வேண்டுவதில்லை. சிவித்தாவெக்கியா நகருக்குள்ளேயே ஜப்பானிய வேதசாட்சிகளின் ஆலயம் உள்ளது. 1597 பிப்ரவரி 5 அன்று நாகசாகியில் சிலுவைகளில் அறையுண்டு மாண்ட இருபத்தாறு பேரின் பெயரால் எழுந்தது அது. போரில் இடிந்து மீண்டும் கட்டப்பட்டபின், லூக்கா ஹசெகாவா என்னும் ஜப்பானியக் கத்தோலிக்க ஓவியர் 1950-களில் அதன் சுவர்களை ஓவியங்களால் நிறைத்தார். பீடத்தின் மேலே தேவமாதா கிமோனோ உடுத்திக் குழந்தையை ஏந்தி நிற்கிறாள். அந்த இருபத்தாறு பேருள் ஒருவர், மும்பைக்கு அருகிலுள்ள வசாயில் இந்தியத் தாய்க்குப் பிறந்த கொன்சாலோ கார்சியா. 1862-இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரே இந்திய மண்ணில் பிறந்த முதல் புனிதர்.