கருவாட்டுக் கணக்கும் என் பாடத் தெரிவும்

முகாமைத்துவ பீடம் கிடைத்தாயிற்று. அதில் எதைச் சிறப்புப் பாடமாக எடுப்பது? கற்பிட்டிப் பக்கத்து மாணவிகள் இருவர் அண்மையில் என் வீடு தேடி வந்து கேட்டார்கள். எனக்கு உம்மாவின் கருவாடுதான் நினைவுக்கு வந்தது.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்கு எட்டு வயது. மன்னாரிலிருந்து வந்து கற்பிட்டியில் கிடுகுக் கொட்டிலில் இருந்தோம். சில வருடங்களில் வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா கரையில் மீன் வாங்கி, கருவாடு போட்டு, புத்தளம் வியாபாரி ஒருவருக்குக் கொடுத்துத்தான் எங்களை வளர்த்தார். "லாபம் வருது புள்ள" என்பார்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தபோது, ஓர் இரவு அவருடைய கணக்கை எழுதிப் பார்த்தேன். மூன்று கிலோ பச்சை மீன் காய்ந்தால் ஒரு கிலோ தேறுவதே பெரிய காரியம். உப்பு, பஸ் கூலி எல்லாம் சேர்த்தால், உம்மாவின் உழைப்புக்கு ஒரு சதமும் போடாமலே சில கிழமைகளில் நட்டம்! அடுத்த முறை விலையைக் கூட்டிக் கேட்டார். வியாபாரி முறைத்தார், பிறகு கொடுத்தார்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். தோழிகள் பலர் மனிதவளத்தை எடுத்தார்கள். அதில் கணக்குக் குறைவு. "பொம்புளப் புள்ளைக்கு அது போதும், கணக்காய்வென்று ஊரூராகத் திரியவா போறாய்?" என்றார் மாமா. நானும் படிவத்தில் அதையே எழுதிவிட்டு, கடைசி நாளில் வெட்டிக் கணக்கியல் என்று எழுதினேன்.

மனிதவளம் மட்டமான பாடமல்ல. ஆனால் அந்த வேலைகள் ஆடைத் தொழிற்சாலைகளிலும் பெரிய கம்பனிகளிலும்தான் அதிகம். கட்டுநாயக்காவிலோ கொழும்பிலோ போய்த் தங்க முடிந்தவர்கள் துணிந்து எடுக்கலாம். வீட்டை விட்டு நகர முடியாத பிள்ளைக்குக் கணக்கியல் கைகொடுக்கும். இறால் பண்ணை, உப்பளம், கூட்டுறவுச் சங்கம், பிரதேச சபை, எங்கும் கணக்கு எழுத ஆள் வேண்டும். வங்கியில் நாட்டமுள்ளவர்கள் நிதியைப் பார்க்கலாம். பட்டயக் கணக்காளராக ஆசையென்றால் பரீட்சையோடு சில வருடப் பயிற்சியும் உண்டு. கொழும்பில் அறை வாடகைக்கே பயிற்சிப் பணம் போய்விட்டதால், நான் பாதியில் விட்டேன். அது இன்றும் மனக்குறைதான்.

பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள் சோர வேண்டாம். அரச உயர் தொழில்நுட்ப நிறுவகங்களில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். சாதாரண தரத்தோடு ஏ.ஏ.ரி. தொடங்கலாம். பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று 5 வீதம் ஒதுக்கீடு உண்டு. புத்தளமும் அதில் அடங்கும். இது நம் பெற்றோர் பலருக்குத் தெரியாது.

வந்த மாணவிகளில் ஒருத்தியின் தாய் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறார். தாயின் ஒரு மாதக் கூலியையும் செலவையும் கொப்பியில் எழுதிக்கொண்டு வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். எழுதும்போது அலுப்பு வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று அவளே பார்க்கட்டும்.